அசந்து எழுதுத எழுத்து

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் எங்கள் அப்பாவின் நகல் நோட்டுகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அம்பாசமுத்திரத்தில் 38 வருடம் பத்திரம் எழுதியவர் அவர். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் எல்லாமே கையெழுத்தைப் பற்றி இருந்ததால், இந்த மாதம் அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

டீச்சர், என் மகள் பாளையங்கோட்டையில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். 600 வருடத்துக்கு முந்திய ஒரு புத்தகத்தைப் படியெடுத்த ஆள் யார் என்று எழுத்தின் வடிவத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிறாள். பெயர் போடாத ஏட்டில் ஆளை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? இதை நம்பலாமா?
வாசகர், கல்லிடைக்குறிச்சி

உங்கள் மகள் சொல்வது 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளைப் பற்றி. யாத்திரை போகிறவர்கள் ஆளுக்கு ஆள் கதை சொல்வதாக அமைந்த நூல். அதில் ஒரு பாதியைத் தாராளமாக நம்பலாம். மறு பாதியில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். எது எந்தப் பாதி என்று பார்ப்போம்.

சாசர் 1400-ல் இறந்தார். கதைகளை அவர் முடிக்கவில்லை. அவர் கைப்பட எழுதிய பிரதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இன்று இருப்பவை எல்லாம் மற்றவர்கள் படியெடுத்தவை. முழுசும் துண்டுமாக 80-க்கு மேல் உண்டு. அவற்றில் மிகப் பழையவை என்று மதிக்கப்படும் இரண்டில் ஒன்று ஹெங்கூர்ட் பிரதி. வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அலங்காரம் குறைவு, ஓரங்களை எலி கரும்பியிருக்கிறது. மற்றது எல்ஸ்மியர் பிரதி. கலிபோர்னியாவில் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. பொன்பூச்சும், கதை சொல்லும் யாத்திரிகர்களின் 23 படங்களுமாக, கல்யாணப் பெண் மாதிரி ஜொலிக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உறவு சொல்லத் தோன்றாது. ஆனால் இரண்டையும் எழுதியது ஒரே கை.

இதை உறுதியாக நிலைநாட்டியவர்கள் இயன் டாயில், மால்கம் பார்க்ஸ் என்ற இரண்டு அறிஞர்கள், 1978-ல். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஜான் கௌவர் என்ற கவிஞரின் நூலுக்கு ஒரு பிரதி இருக்கிறது. ஐந்து பேர் பங்கு போட்டு எழுதியது. அந்த ஐந்து கைகளையும் பிரித்து ஏ, பி, சி, டி, ஈ என்று அடையாளம் வைத்தார்கள். 'ஈ' யார் என்பது தெரிந்தது: தாமஸ் ஹாக்லீவ், அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கவிஞர். அவர் தன் கையாலேயே எழுதிய வேறு ஏடுகள் இருப்பதால் ஒப்பிட முடிந்தது. 'பி'க்குப் பெயர் இல்லை. ஆனால் ஹெங்கூர்ட், எல்ஸ்மியர் இரண்டையும் எழுதிய கை அதுதான் என்று காட்டினார்கள்.

எதை வைத்துக் காட்டினார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி. அந்தக் காலத்து இங்கிலாந்து எழுத்தர்கள் கற்ற எழுத்துக்கு ஆங்கிலிகானா என்று பெயர். அதில் 'ஏ' மாடி வைத்த வீடு மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அறை. 'ஜி' எட்டுப் போட்டது மாதிரி. 'ஆர்' காலை நீட்டி வரிக்குக் கீழே இறங்கும். 'எஸ்' சொல்லின் நடுவில் வந்தால் நெட்டைக் கோடு, முதலிலோ கடைசியிலோ வந்தால் சுருண்ட வேறு வடிவங்கள். இதற்குள்ளேயே செக்ரட்டரி என்ற புது எழுத்தும் வந்து கலந்துகொண்டிருந்தது. அதன் 'ஏ'வுக்கு மாடி கிடையாது. 'ஜி'யின் தலையில் இரண்டு கொம்பு. இவையெல்லாம் வாத்தியார் கற்றுக்கொடுத்த வடிவங்கள். இவை காலத்தைச் சொல்லும், தொழிலைச் சொல்லும். ஆளைச் சொல்லாது.

கற்ற வடிவத்தை அவன் கை எப்படிச் செய்து முடிக்கிறது என்பதில்தான் ஆள் தெரிவான். எந்தக் கோட்டை முதலில் போடுகிறான், பேனாவை எங்கே எடுக்கிறான், 'ஜி'யின் வாலை எந்தப் பக்கம் திருப்பி எங்கே நிறுத்துகிறான், 'டபிள்யூ'வின் இரண்டு தூணும் எவ்வளவு உயரம், இரண்டு விதமான 'ஆர்' தெரிந்தவன் எந்த எழுத்துக்குப் பின்னால் எதைப் போடுகிறான். வாத்து இறகுப் பேனாவைக் கீழ்நோக்கி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும், மேல்நோக்கித் தள்ளினால் முரண்டு பிடிக்கும். அதனால் கோட்டின் தடிப்பையும் மெலிவையும் வைத்தே கை போன வழியைத் திரும்பப் படிக்கலாம். இதில் ஒரே ஓர் எழுத்து ஒத்துப்போனால் போதாது. பத்துப் பன்னிரண்டு பழக்கங்கள் சேர்ந்து, பக்கம் பக்கமாக ஒத்துப்போக வேண்டும்.

இங்கே நான் அப்பாவிடம் கற்றதைச் சொல்லாமல் போக முடியாது. எனக்கு அப்போது 25 வயது. முதுகலை முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. பெரியப்பா வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு பாகப்பிரிவினை நகல் கிடைத்தது. தலையில் ஒரு பிள்ளையார் சுழி, யானை துதிக்கையைச் சுருட்டின மாதிரி அவ்வளவு அழகு. உள்ளே 'மேற்படி' வரும் இடமெல்லாம் ௸ என்ற குறி, அதற்கும் அதே வீச்சு. எங்கள் தாத்தாவின் எழுத்தில் இதே சுழியை நான் பார்த்திருந்தேன். இது தாத்தா எழுதியது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பெரியப்பா கண் கலங்கிப் போனார். சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டினார்கள்.

அப்பா பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நகலைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி என் முன்னால் வைத்தார். "ஏ புள்ள, சுழியப் பாக்காத. சுழி எல்லாவனுக்கும் ஒண்ணுதான். அவன் அசந்து எழுதுத எழுத்தப் பாரு" என்றார். தாத்தா காலத்தில் ஒரே தாழ்வாரத்தில் உட்கார்ந்து பத்திரம் எழுதிய ஐந்து பேரும் ஒரே பெரியவரிடம் தொழில் பழகியவர்கள். சுழியும் ௸-உம் அவர் கொடுத்த சொத்து, ஐந்து பேருக்கும் பொது. தாத்தா தனக்கென்று வைத்திருந்தது வேறு: 'ழ'வின் வாலை இடதுபக்கம் கொண்டுபோய் ஒரு புள்ளி அளவுக்கு அழுத்தி நிறுத்துவார், 'கிரையம்' என்று எழுதும்போது 'கி'யின் விசிறி 'ர'வின் தலைக்குமேல் வரை நீளும். அந்த நகலில் இரண்டும் இல்லை. மறுநாளே பெரியப்பாவிடம் போய், நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். அவர் படத்தைக் கழற்றவில்லை. "யாரோ நம்மாளு எழுதினதுதான" என்றார். ஆனால் எனக்குப் பல நாள் மனசு ஆறவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு மறு பாதிக்கு வாருங்கள். 2004-ல் லின் மூனி என்ற பேராசிரியை 'பி'யின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். 2006-ல் கட்டுரையாக வெளியிட்டார். லண்டன் எழுத்தர் சங்கத்தின் பதிவேட்டில் ஆடம் பிங்க்ஹர்ஸ்ட் என்பவர் எழுதிய உறுதிமொழி இருக்கிறது. அதுவும் 'பி'யின் கையும் ஒன்றே என்றார். பெயரும் பொருந்தி வந்தது. சாசர் தன் எழுத்தன் ஆடமைத் திட்டி ஏழு வரிக் கவிதை ஒன்று பாடியிருக்கிறார்: நான் எழுதினபடி எழுதாவிட்டால் உன் நீளமுடிக்குக் கீழே சொறி பிடிக்கட்டும், உன் அவசரத்தால் நான்தான் உட்கார்ந்து தேய்த்தும் சுரண்டியும் திருத்த வேண்டியிருக்கிறது என்று. அந்த ஆடமே இந்த ஆடம் என்றதும் உலகம் முழுக்கச் செய்தியானது. நானும் வகுப்பில் சந்தோஷமாகச் சொன்னேன்.

பிறகு மறுப்புகள் வந்தன. 2011-ல் ஜேன் ராபர்ட்ஸ், இரண்டு கைகளும் ஒன்றென்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார். 2018-ல் லாரன்ஸ் வார்னர் ஒரு முழுப் புத்தகமே போட்டார். ஒற்றுமை என்று காட்டிய அலங்காரங்கள் அன்றைய எழுத்தர்கள் பலரிடமும் இருந்தவை என்பது அவர் வாதம். எங்கள் வீட்டுப் பிள்ளையார் சுழிதான் இது. இன்னமும் பிங்க்ஹர்ஸ்ட்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு.

என் கருத்தைக் கேட்டால், ஹெங்கூர்டும் எல்ஸ்மியரும் ஒரே கை என்பதை நம்புகிறேன். இரண்டும் நூற்றுக்கணக்கான பக்கங்கள். அத்தனை பக்கத்திலும் ஒருவன் விழிப்பாகவே எழுதிக்கொண்டிருக்க முடியாது, எங்கேயாவது அசந்திருப்பான். ஒப்பிட நிறைய இடம் உண்டு. உறுதிமொழி அப்படியில்லை. சிறிய பதிவு, சக எழுத்தர்கள் பார்க்க மெனக்கெட்டு எழுதியது. அதை வைத்துப் பெயர் சூட்ட எனக்குத் துணிவில்லை. உங்கள் மகளிடம் பரீட்சையில் 'பி' என்றே எழுதச் சொல்லுங்கள். அடுத்த வரியில் பிங்க்ஹர்ஸ்ட் பெயரையும் அதன்மேல் உள்ள வழக்கையும் எழுதட்டும்.

இன்னொன்றும் அவளுக்குக் காட்டுங்கள். ஹெங்கூர்ட் பிரதியில் சமையற்காரன் கதை பாதியில் நின்றுபோகும். அங்கே ஓரத்தில் அந்தக் கை ஒரு குறிப்பு எழுதியிருக்கிறது: இந்தச் சமையற்காரன் கதையைச் சாசர் இதற்குமேல் எழுதவில்லை, என்று. மீதிக் கதைக்காகக் காத்திருந்து, இனி வராது என்று தெரிந்த ஒருவன் எழுதின வரியாகத்தான் எனக்குப் படுகிறது. அவன் பெயர் தெரியாததால் அந்த வரி எனக்குக் கொஞ்சமும் குறைந்துபோகவில்லை.

பழைய இங்கிலீஷ் கடைப் பலகைகளில் 'யீ ஓல்டு' என்று எழுதியிருப்பதைச் சினிமாவில் பார்க்கிறேன். 'யீ' என்றால் என்ன?
வாசகர், வள்ளியூர்

'யீ' என்று ஒரு சொல்லே அங்கே கிடையாது. அது 'தி'தான், நாம் சாதாரணமாகச் சொல்லும் அதே 'தி'. பழைய ஆங்கிலத்தில் அந்த ஒலிக்கு 'தார்ன்' என்று தனி எழுத்து இருந்தது. நாளாக நாளாக எழுத்தர் கையில் அதன் வயிறு திறந்துகொண்டு 'ஒய்' மாதிரியே ஆகிவிட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் தார்ன் இல்லை, அதனால் அச்சுக்காரர்கள் 'ஒய்'யைப் போட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அதை வாய்விட்டு 'யீ' என்று படித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சுவடிக்கட்டு இருக்கிறது. கடைசி ஏட்டில் கொல்லம் 1041 என்று ஆண்டும், 'எழுதி முகிந்தது' என்றும் இருக்கிறது, எழுதியவர் பெயர் இல்லை. எங்கள் முப்பாட்டனார் எழுதியது என்று வீட்டில் சொல்வார்கள். நீங்கள் சொல்கிற மாதிரி எழுத்தை வைத்துத் தெரிந்துகொள்ள முடியுமா?
வாசகி, ஆழ்வார்திருநகரி

பத்துப்பாட்டுச் சுவடி தேடி உ.வே.சாமிநாதையர் வந்து இறங்கிய ஊர் உங்களுடையது. 1889-ல் பத்துப்பாட்டு அச்சேறியது. அந்த ஊரிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

முதலில் ஆண்டு. கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணியில் பிறப்பதால் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் விழும். உங்களுடையது 1865–66. ஆனால் உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். மூல ஏட்டில் இருந்த தேதியையும் குறிப்பையும் சேர்த்தே படியெடுத்தவர்கள் உண்டு. 1041 என்பது உங்கள் ஏட்டின் வயதாக இருக்கலாம், அதன் தாய் ஏட்டின் வயதாகவும் இருக்கலாம்.

எழுத்துக்கு வருவோம். இறகுப் பேனாவுக்குச் சொன்னது அப்படியே எழுத்தாணிக்கு ஒத்துவராது. எழுத்தாணிக் கோட்டில் தடிப்பு, மெலிவு பெரிதாகத் தெரியாது. ஏட்டை இடது கையில் பிடித்து, கட்டைவிரல் நகத்தில் ஆணியைத் தாங்கி, ஏட்டை நகர்த்தி நகர்த்தி எழுதுவார்கள். மை பிறகு பூசுவது. அதனால் கை போன வழியை மையில் தேட முடியாது. ஓலையின் நரம்பு கிழிந்துவிடாமல் இருக்க எல்லாருமே வளைத்து வளைத்துத்தான் எழுதினார்கள், புள்ளி வைப்பதில்லை, குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி. இதெல்லாம் எல்லாருக்கும் பொதுவான மரபு. (படிக்கிறவனுக்கு இதனால் வரும் தவிப்பு இங்கிலாந்திலும் உண்டு. 'மினிம்' என்ற சொல்லை அவர்கள் எழுத்தில் எழுதினால் வரிசையாகப் பத்து நேர்க்குச்சிதான் தெரியும். எங்கே 'எம்' முடிந்து எங்கே 'ஐ' தொடங்குகிறது என்று கண்ணைத் தேய்த்துக்கொண்டு எண்ண வேண்டும்.)

நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. கொம்பின் சுருள் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா. 'ண'வின் சுழிகள் ஒரே அளவா, முதல் சுழி பெரிதா. கயிறு கோக்கும் துளையைச் சுற்றி எவ்வளவு இடம் விடுகிறார், எழுத்து அதை ஒட்டிக்கொண்டு போகிறதா. ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி. ஏட்டின் வலது ஓரம் வந்ததும் எழுத்தை நெருக்குகிறாரா, சொல்லை உடைத்து அடுத்த வரிக்குப் போகிறாரா. நாற்பது ஏடு எழுதிய கை முப்பதாவது ஏட்டில் களைத்திருக்கும், அங்கே பாருங்கள். முதல் ஏட்டில் கடவுள் வணக்கம் எழுதும்போது யாரும் நறுவிசாகத்தான் எழுதுவார்கள், அதை நம்ப வேண்டாம்.

சொற்களும் துப்புத் தரும், ஆனால் ஜாக்கிரதையாகப் பயன்படுத்த வேண்டிய துப்பு. முடிந்தது என்பதற்கு 'முகிந்தது' என்பது நம் பக்கத்து வாசனை அடிக்கிற சொல். இங்கிலாந்தில் எழுத்தர்களின் வட்டார எழுத்துக்கூட்டலை வைத்து ஊர் ஊராகப் பிரித்துப் பெரிய நிலப்படத் தொகுதியே போட்டிருக்கிறார்கள், 1986-ல். அங்கேயும் இதே சிக்கல்: ஒருவன் தன் ஊர்ப் பேச்சுக்கு மாற்றி எழுதுவான், ஒருவன் மூலத்தில் உள்ளபடியே எழுதுவான், ஒருவன் பாதிப் பாதி.

இவ்வளவும் செய்தபிறகும், முப்பாட்டனார் எழுதியதுதான் என்று தெரிந்த இன்னொரு ஏடு வேண்டும். பெயர் போட்ட ஒரு கணக்கோலை, ஒரு முறி, ஒரு ஜாதகம் போதும். ஹாக்லீவுக்கு அது இருந்தது, அதனால் அடையாளம் கிடைத்தது. அது கிடைக்காதவரை 'எங்கள் வீட்டில் இருந்த கை' என்று சொல்லுங்கள், அதுவே மெய். ஏடுகளை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துவிடுங்கள். ஒடிகிற ஏட்டுக்கு வீட்டு எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். சுவடிப் பாதுகாப்புத் தெரிந்தவரைக் கேட்டு எலுமிச்சம்புல் எண்ணெய் போடலாம்.

டீச்சர், அம்மா போன வருடம் தவறிவிட்டாள். வீட்டுக் கணக்கும் மருந்துக் குறிப்பும் எழுதின நோட்டுகள் 14 இருக்கின்றன. கடைசி இரண்டில் எழுத்து கோணல்மாணலாக நடுங்குகிறது. அம்மா எழுதியதா, அவள் சொல்லச் சொல்ல அக்கா வேகமாகக் கிறுக்கியதா என்று எங்களுக்குள் பேச்சு. அக்காவுக்கே சரியாக ஞாபகம் இல்லை. நடுங்கின எழுத்திலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா?
வாசகி, சங்கரன்கோவில்

முடியும். நடுக்கத்தாலேயே 800 வருடம் கழித்தும் அடையாளம் தெரிகிற ஒருவர் இருக்கிறார்.

இங்கிலாந்தில் வூஸ்டர் என்ற ஊரின் பேராலயத்தில் 13-ஆம் நூற்றாண்டில் இருந்தவர். பெயர் தெரியாது, 'வூஸ்டரின் நடுங்கும் கை' என்றே அறிஞர்கள் சொல்கிறார்கள். பழைய ஆங்கிலம் அப்போதே மக்களுக்குப் புரியாமல் போய்க்கொண்டிருந்தது. நம் ஆட்கள் சங்கப் பாட்டுக்கு உரை எழுதின மாதிரி, அவர் பழைய ஏடுகளை எடுத்து வரிக்கு மேலும் ஓரத்திலும் சொற்பொருள் எழுதினார். சுமார் 20 சுவடிகள், ஏறத்தாழ 50,000 குறிப்புகள். எழுத்து இடதுபக்கம் சாய்ந்து, கோடெல்லாம் அலை அலையாக இருக்கும். 2015-ல் வரலாற்று ஆய்வாளர் ஒருவரும் நரம்பியல் மருத்துவர் ஒருவரும் சேர்ந்து அந்த அலைகளைப் பார்த்து, எசென்ஷியல் ட்ரெமர் என்ற வகை நடுக்கமாக இருக்க வேண்டும் என்றார்கள். அவர் எழுத்து எல்லா இடத்திலும் ஒரே அளவில் நடுங்கவில்லை. சில குறிப்புகளில் லேசாக, சிலவற்றில் மோசமாக. ஆனாலும் ஒரே கைதான் என்று தெரிகிறது, ஏனென்றால் நடுக்கம் கோட்டைத்தான் கலைக்கும். எழுத்தைக் கட்டுகிற முறையைக் கலைக்காது.

இந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். அந்தக் கையோடு 50,000 முறை எழுத உட்கார்ந்திருக்கிறார்.

அம்மாவின் நோட்டுகளுக்கு வாருங்கள். வேகமாகக் கிறுக்கினால் எழுத்து நீளும், வால்கள் இழுபடும், கோடு வழவழவென்று போகும். நடுங்கினால் எழுத்து பெரிதாகலாம், ஆனால் கோட்டில் சிறுசிறு பல் தெரியும். ஒரு 'ட'வின் நேர்கோட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தாலே விளங்கும். அடுத்து, நல்லா இருந்த காலத்து நோட்டு ஒன்றை எடுத்து, அம்மா ரூபாயை எப்படி எழுதினாள் என்று பாருங்கள். ௹ போட்டாளா, 'ரூ' என்று எழுதிப் புள்ளி வைத்தாளா, தொகைக்குப் பின்னால் கோடு இழுத்தாளா. கணக்கு எழுதுகிறவர்கள் இதை யோசித்துச் செய்வதில்லை, அதனால் மாற்றவும் மாட்டார்கள்.

இன்னும் ஒன்று உங்கள் வீட்டுக்குப் பலிக்கலாம். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்கள் 'லை', 'ணை' எழுத்துகளுக்கு முன்னால் இப்போது போடுகிற இரட்டைச் சுழிக் கொம்பைப் போட மாட்டார்கள். தலையில் துதிக்கை மாதிரி வளைத்துவிடுவார்கள். 'ணா', 'றா', 'னா' மூன்றுக்கும் தனிக்கால் போடாமல் எழுத்தோடு சேர்த்தே சுழிப்பார்கள். அம்மா அப்படித்தான் கற்றிருப்பாள். அக்கா 1978-க்குப் பிறகு எழுதப் படித்தவள் என்றால் புது வடிவம் போட்டிருப்பாள். கடைசி இரண்டு நோட்டிலும் 'விலை', 'வேலை', 'அண்ணாச்சி கடை' என்று வரும் இடங்களைத் தேடுங்கள். ஒரு இடத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள், இருபது முப்பது இடமாவது எண்ணுங்கள். அம்மாவிடம் எழுதப் பழகி, அக்காவும் பழைய வடிவத்தையே வைத்திருக்கலாம்; அதனால் அக்கா அந்த வருடங்களில் எழுதின கடிதமோ கணக்கோ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள். பார்க்கும்போது அக்காவையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.